ஸ்டாங்கோ சொல்லாத வார்த்தை

மணி அடித்து வெகு நேரமாகியும் தாழ்வாரத்தில் ஒரு ஜோடி ஷூகூட நகரவில்லை.

மகனைக் கூட்டிப்போக வந்த மார்யெட்டா வகுப்பை நோக்கி நடந்தாள். வழக்கமாக இந்நேரம் பிள்ளைகள் வகுப்புக்குள் போடும் செருப்புகளை உதறிவிட்டு, யார் ஷூ யார் காலில் என்று தெரியாமல் அடித்துக்கொள்ளும். அவள் மகன் தீனேதான் அதில் முதல் ஆள். மேசை மேல் ஏறுவான், பக்கத்துப் பிள்ளையைக் கடிப்பான். போன வருடம் வேறு பள்ளி பார்க்கச் சொல்லும் வரை போய்விட்டது.

அப்புறம்தான் ஸ்டாங்கோ, தான் பழக்கிய நாய் பீக்காவோடு தீனேயின் இரண்டாம் வகுப்புக்கு வரத் தொடங்கினார். அவர் உள்ளங்கையைத் தாழ்த்தினால் பீக்கா படுக்கும். அதைப் பார்த்துப் பிள்ளைகளும் படுப்பார்கள். விளையாட்டுதான். ஒரே குளிர்காலத்தில் வகுப்பு பெட்டிப்பாம்பாக அடங்கிப்போனது.

வீட்டிலும் அவள் கையைத் தாழ்த்தினால் தீனே உட்கார்ந்தான். அவளுக்கு அதில் பெருமைதான், பொய் சொல்வானேன்.

வகுப்பு வாசலில் டீச்சர் வெஸ்னா சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

"நாய் எந்திரிக்க மாட்டேங்குது, மார்யெட்டா. பிள்ளைங்களும்தான். தொண்டை கிழியக் கூப்பிட்டுப் பார்த்துட்டேன்."

பீக்கா கரும்பலகைக்கு அடியில் படுத்திருந்தது. அதைச் சுற்றிப் பிள்ளைகள் எல்லோரும் முன்னங்கைகளை நீட்டிக் குப்புறப் படுத்திருந்தார்கள். அத்தனை பார்வையும் கதவின் மேல்.

மார்யெட்டா ஓடிப்போய்த் தீனேயைத் தூக்கினாள். விறைத்த உடம்பு அப்படியே கையோடு வந்தது. கீழே விட்டதும் ஊர்ந்து தன் இடத்துக்கே போய்ப் படுத்தான். கண்ணில் மட்டும் நீர் வழிந்துகொண்டிருந்தது.

"அதை எழுப்பி விடறதுக்குன்னு ஸ்டாங்கோ ஒரு வார்த்தை வெச்சிருக்கார். அது காதுலதான் சொல்வார். அது எந்திரிச்சாதான் இதுங்களும்..." என்றாள் வெஸ்னா.

"அப்ப அவரை வரச் சொல்லுங்களேன், டீச்சர்!"

வெஸ்னா ஜன்னலைக் காட்டினாள். போன் பேச வெளியே போன ஸ்டாங்கோ முற்றத்து மரத்தடியில் கிடந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் அவர் முகத்தையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டிருந்தார்கள்.

மார்யெட்டா மண்டியிட்டு பீக்காவின் காதில் வாயை வைத்தாள். எழு, போ, வா, போதும், முடிந்தது, வீடு, ரொட்டி, பந்து, நல்ல பிள்ளை. தெரிந்ததையெல்லாம் மூச்சு விடாமல் கொட்டினாள்.

நடுவில் எங்கோ வால் ஒருமுறை தரையில் தட்டியது. எல்லாத் தலைகளும் ஒன்றாக நிமிர்ந்தன.

அதற்குள் அவள் நாலைந்து வார்த்தைகள் தாண்டிவிட்டிருந்தாள். தலைகள் மறுபடி தாழ்ந்தன.

முதலிலிருந்து, நிதானமாக, நினைவிருந்த வரிசையில் சொன்னாள். எதுவும் அசையவில்லை. மறுபடி சொன்னாள்.

கடைசியில் மகன் பக்கத்தில் சரிந்து விழுந்து, வாய்விட்டு அழுதாள்.

தீனே கழுத்தை மட்டும் நீட்டி, அவள் புறங்கையை மெல்ல நக்கினான்.