ஓர் ஆள் கனம்

பெரியமுத்து ஆசாரி சாமான் பையோடு உள்ளே நுழைந்தபோது, சுருளியம்மாள் செத்துப்போன புருஷனின் வேட்டிகளை நீளநீளமாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். பானை, முறம், ஆட்டுக்கல் எல்லாம் வாசலுக்கு வந்திருந்தன. வீடு துடைத்துவிட்டாற்போல் வெறிச்சென்று கிடந்தது.

“என்ன தாயீ, வீட்டைக் காலி பண்ணுறியா?”

“நீங்க வேலையப் பாருங்க ஆசாரி. இந்தச் செவுத்துல, கைக்கு எட்டுற ஒசரத்துக்கு மேல ஒரு இரும்பு வளையம் மாட்டணும். நல்லாத் தாங்கணும்.”

“என்ன கனம் தாங்கணும்? ஏலக்கா மூட்டையா?”

“ஒரு ஆள் கனம்,” என்றாள் அவள், கிழிப்பதை நிறுத்தாமல்.

பையை இறக்கப்போன ஆசாரி, அப்படியே நிமிர்ந்து அவளைப் பார்த்தார். உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்தில் அவள் கதை தெரியாதவர் கிடையாது. ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுடைய ஒரே மகள் வேலுத்தாய், வேற்றுச் சாதிக்காரன் ஒருத்தனோடு மலையிறங்கிப் போடிப் பக்கம் ஓடிப்போனாள். கங்காணி போட்ட ஊர்விலக்குக் கட்டுக்குப் பயந்து, அன்றிலிருந்து கூலிக்காரர்களின் வரிசைவீடுகளான லயத்தில் ஒருத்தரும் இவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அடுப்புக்கு நெருப்புக்கூடத் தருவதில்லை.

புருஷன் காய்ச்சலில் போன அன்றைக்குத் தூக்குவதற்கு நாலு ஆள் சேரவில்லை. அதற்கப்புறம் அந்த வீட்டை ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல், மழையையே பார்த்துக்கொண்டு ஒருத்தி எத்தனை நாள் இருப்பாள்? ஆசாரியும் ஒண்டிக்கட்டைதான், அந்த நோவு அவருக்குத் தெரியும்.

“எதுக்கு இந்த வளையம்?”

“கேக்காதீக. வெளியயும் மூச்சு விட்டுராதீக. இப்பிடி ஒத்தையில கெடக்குறது இந்த வாரத்தோட தீந்துரும்.”

இப்போது சந்தேகமே இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் வேறொரு தோட்டத்தில் இதே மாதிரி ஒருத்தன் வந்தான். தராசு மாட்டக் கொக்கி வேண்டும் என்றான். யானையே தொங்கினாலும் அசையாதபடி போட்டுக் கொடுத்தார். மறுநாள் அதில் தொங்கியது தராசு இல்லை. அன்றைக்குத் தொலைத்த தூக்கம் ஆசாரிக்கு இன்னும் சரியாகத் திரும்பவில்லை.

மாட்டேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் இவள் வேறு ஆசாரியைப் பிடிப்பாள். அவன் நன்றாக மாட்டித் தொலைப்பான்.

விரலை மடக்கிப் பலகைச் சுவரைத் தட்டிக்கொண்டே போனார். சத்தம் கனமாக விழுந்த இடத்தில், பின்னால் பலகையைத் தாங்கும் மரக்கால் நிற்கிறது. வெறுஞ்சத்தம் வந்தால் அங்கே ஒன்றுமில்லை. கனமான எதையும் மரக்காலில்தான் மாட்ட வேண்டும். முடியாவிட்டால், வெளிப்பக்கம் ரெண்டு காலுக்கும் குறுக்கே கட்டை கொடுத்து அதில் முடுக்க வேண்டும். உளி பிடித்த எவனுக்கும் இது தெரியும்.

முப்பது வருஷத் தொழிலில் முதல் தடவையாக, தெரிந்தே, வெறுஞ்சத்தம் வந்த இடத்தில் துளை போட்டார். வளையத்தின் போல்ட்டை உள்ளே செருகி, வெளிப்பக்கம் காலணா அகலத்துக்கு ஒரு தகரப் பில்லை வைத்து நட்டை முடுக்கினார். பாரம் ஏறினால் பலகை பிளந்து எல்லாம் கையோடு வந்துவிடும். கீழே விழுவாள், இடுப்பு நோகும், உயிர் நிற்கும்.

“தாங்குமா ஆசாரி?”

“தாங்கும் தாயீ.” பொய் சொல்லிப் பழக்கமில்லாத நாக்கு குழறியது.

“நீங்க சொன்னாச் சரிதான்,” என்று அவள் சிரித்தாள். ரெண்டு வருஷத்தில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்பைக் கண்டு ஆசாரி இன்னும் பயந்துபோனார்.

ரெண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை; லயத்துச் சனம் முழுக்கச் சந்தைக்குப் போயிருந்தது. நடுப்பகலில், கொட்டுகிற மழையில், பையைத் தூக்கிக்கொண்டு ஆசாரி ஓட்டமும் நடையுமாக வந்தார்.

கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது.

“சுருளியம்மா! ஏ தாயீ! கதவத் தொற!”

தகரக் கூரையில் மழை போட்ட இரைச்சலில் அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினார். வளையம் மாட்டிய இடத்தைத் தேடிப் பார்த்தார். தகரப் பில்லை மடங்கி, நட்டு பலகைக்குள் புதைந்துகொண்டிருந்தது. உள்ளே பாரம் ஏறிவிட்டது.

பலகை விரிசல் விட்டிருந்தது, ஆனால் பிளக்கவில்லை. பாழாய்ப்போன காட்டுமரம், அவர் நினைத்ததைவிடக் கெட்டி.

“பிளந்து தொலையேன்!” என்று அழுதுகொண்டே பையிலிருந்து சுத்தியலை உருவினார். நட்டின் மேல் ஒரு போடு போட்டால் போதும், வளையத்தோடு உள்ளே போய் விழுந்துவிடும். பலங்கொண்ட மட்டும் கையை ஓங்கினார்.

பலகை இடுக்கு வழியே ஓர் அலறல் வந்தது. சுருளியம்மாள் குரல் இல்லை, இளங்குரல். ஓங்கிய கை அப்படியே நின்றது.

அதற்குப் பின்னால்தான் சுருளியம்மாள் குரல் கேட்டது.

“கயித்த விட்டுராம இன்னொரு முக்கு முக்குடி வேலுத்தாயி, பிள்ளத் தல தெரியுது!”