எட்டுக்கு முன் திரும்ப வேண்டாம்

“இரவு எட்டுக்கு முன் யாரும் கப்பலுக்குத் திரும்ப வேண்டாம்னா என்ன அர்த்தம்? எங்களை ஊர் சுத்தக் கூட்டிட்டுப் போறீங்களா, நாடு கடத்தறீங்களா?”

மனைவி அந்தக் காகிதத்தைக் கட்டில் மேல் போட்டாள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சுற்றுலாக் கப்பல் அந்தப் பழைய நகரத்துத் துறைமுகத்துக்குள் நுழைகிறது. ஒரு ராத்திரி அங்கேயே தங்கி, அதற்கடுத்த நாள் சாயங்காலம்தான் கிளம்பும். கரையில் எதை எப்போது பார்ப்பது என்று கணவர் அட்டவணை போட்டிருந்தார். 8.00 இறங்குதல். 8.40 கோட்டை. 10.15 மணிக்கூண்டு. 11.05 கழிப்பறை. அடியில், சிவப்பு மையில் அந்த எட்டு மணி உத்தரவு.

ரயில்வேயில் முப்பத்திரண்டு வருஷம் டைம்டேபிள் போட்டவர். மனிதர்தான் ரிட்டயர் ஆகியிருந்தார். புத்தி இன்னும் டூட்டியில் இருந்தது.

“ஏங்க, முழுசா ரெண்டு நாள் இருக்கே. நாளைக்குப் பாதி, மறுநாள் பாதி பாத்தா என்ன? மத்தியானம் கப்பலுக்கு வந்து சாப்பிட்டு, ஒரு குட்டித் தூக்கம் போட்டுட்டு...”

“கூடாது. எல்லாம் நாளைக்கே.”

கதவு தட்டப்பட்டது. துவாலைகளோடு ரூம் பாய் வந்தான். பெயர்தான் பாய், வயது முப்பத்தைந்து. நம் பாஷை பேசுகிறவன் என்று தெரிந்த நாளிலிருந்து மனைவிக்கு அவன்மேல் தனிப் பாசம்.

“நாளைக்குத்தானே உன் சம்சாரம் வரா?”

“ஆமாம்மா. குழந்தையோட காலை ரயில்ல வர்றா. சாயங்காலம் ஏழு மணி ரயிலுக்குத் திரும்பிடணும், அவளுக்கு வேலை இருக்கு. நான் இறங்க முடிஞ்சா பாக்கலாம்.”

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஏழு மாதக் குழந்தை. அவன் போனில் மட்டுமே பார்த்திருக்கிறான். இந்தக் கதையை அவள் மூன்று சாப்பாட்டு மேஜைகளில் சொல்லி, மூன்றிலும் அழுதிருக்கிறாள்.

“பெத்த பிள்ளையைத் தொட்டுக்கூடப் பாக்கலைங்க, பாவம்!”

கணவர் நிமிரவில்லை. “துவாலையை வச்சுட்டுப் போப்பா. வேலை இருக்கு.”

அவன் போனதும் அவள் வெடித்தாள். “உங்களுக்கு மனசுல ஈரமே கிடையாதா?”

“கழிப்பறையை 11.10 ஆக்கணும். மணிக்கூண்டுல படி ஜாஸ்தி,” என்றார் கணவர்.

அதோடு விட்டாரா? வரவேற்பு மேஜையில் பன்னிரண்டு பிரதி எடுத்து, அந்த வரிசையில் இருந்த எல்லா அறைகளின் கதவுக்கு அடியிலும் தள்ளிவிட்டு வந்தார். பக்கத்து அறையில் இருந்த மகன் தலையில் அடித்துக்கொண்டான்.

“அப்பா, மானம் போகுது!”

மானம் போகவில்லை. காலையில் எட்டு மணிக்குப் பன்னிரண்டு அறைக்காரர்களும் அந்தக் காகிதத்தைக் கையில் பிடித்தபடி இறங்கினார்கள். “கழிப்பறை வரைக்கும் போட்டிருக்காரே!” என்று ஒருவர் மெச்சிக்கொண்டார்.

மதியம் ஒன்றரை. மியூசியத்தின் வாசற்படியில் மனைவி உட்கார்ந்துவிட்டாள்.

“இனிமே ஒரு அடி நடக்க முடியாது. நான் கப்பலுக்குப் போறேன்.”

“இங்கேயே உக்காரு. எவ்வளவு நேரம் வேணும்னாலும் உக்காரு. ஆனா திரும்பாதே.”

“நான் என்ன உங்க கூட்ஸ் வண்டியா, நீங்க கொடி காட்டினாத்தான் நகரணுமா?”

டாக்சியை நிறுத்தி ஏறினாள். அவர் முகம் வாடிப்போனதைப் பார்த்தாள். நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டாள்.

துறைமுக வாசலில் இறங்கியதும் அவளுக்குக் கால்வலியே மறந்துவிட்டது. சிமென்ட் பெஞ்சில் ரூம் பாய் உட்கார்ந்திருந்தான். மடியில் குழந்தை, அவன் விரலைப் பிடித்துக்கொண்டு. பக்கத்தில் அவன் மனைவி சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

“அடடே, லீவு கிடைச்சுடுச்சா!”

அவன் சட்டென்று எழுந்தான். குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அதைத் தன் மனைவியிடம் கொடுத்தான்.

“திரும்பிட்டீங்களாம்மா? இதோ வந்துடறேன். சட்டை மாத்த அஞ்சு நிமிஷம்.”

“நீ எதுக்குப்பா வரணும்?”

“எங்க வரிசையில ஒரு ரூம்ல ஆள் இருந்தாலும் நான் மேல இருக்கணும்மா. இன்னைக்கு என்ன அதிசயமோ, பன்னண்டும் காலி. நாலு மணி நேரமாவது கிடைச்சுதே, போதும்மா.”

“இதை நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே!”

“நாங்களா யாரையும் வெளியே போகச் சொன்னா வேலை போயிடும்மா. நீங்க குழந்தை யார் ஜாடைன்னு கேட்டீங்க, சொன்னேன். ஐயாதான் ஒருநாள், உன்னை எப்பப்பா இறங்க விடுவாங்கன்னு கேட்டாரு. அவருக்குச் சொன்னேன்.”

அவள் கைப்பையில் அந்தக் காகிதம் மடங்கிக் கிடந்தது. சிவப்பு மை மட்டும் வெளியே தெரிந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இந்தத் தடவை யாருக்கும் காட்டுவதற்காக இல்லை.

“யார் திரும்பினா? டாக்சிக்காரன் வழி தெரியாம இங்க கொண்டுவந்து விட்டுட்டான். நீ உக்காரு, குழந்தையை வாங்கு,” என்று சொல்லிவிட்டு வந்த வண்டியிலேயே ஏறினாள்.

மியூசியப் படியில் கணவர் ஒரு ஷூவைக் கழற்றி, வீங்கிய பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் அவசரமாக மாட்டிக்கொண்டார்.

“கப்பல்ல ஏறிட்டியா?” குரல் கம்மியது.

“இல்லை.” பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தைப் பிரித்தாள். “இந்த மியூசியத்தை எத்தனை மணிக்கு மூடுவான்?”

“ஆறு.”

“அப்புறம் எட்டு வரைக்கும் பன்னண்டு ரூம் ஜனங்களும் எங்க போவாங்க? ரெண்டு மணி நேரத்தைச் சும்மா விட்டிருக்கீங்களே! முப்பத்திரண்டு வருஷம் என்ன லட்சணத்துல டைம்டேபிள் போட்டீங்க? அந்தப் பேனாவை இப்படிக் குடுங்க!”