கமராவுக்கு முன்னால் பெரட்டு

உலகத்தில் கமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டாத மனித இனம் ஒன்றே ஒன்றுதான். அது கமரா பூட்டுகிறவர்களின் இனம்.

யோகேஸ்வரன் இதைச் சிரிக்காமல் சொன்னான். டிக்கோயாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்து வாசலில், தோளில் ஏணியோடு நின்று சொன்னான்.

கேட்டுக்கொண்டிருந்தவர் சோலைமலை. மூன்று நாளாக அவர் வீட்டுக் கமரா வேலை செய்யவில்லை.

அவர் மனைவி ஜீவராணி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். அங்கே போனில் பேசினால் மேடம் ஏசுவாள். போனைப் பார்த்தால் யாருக்கும் கேட்காது. அதற்காகத்தான் கமரா.

வாசலில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டிருந்தது. தினமும் காலையில் சோலைமலையும் மகள் தனுஜாவும் தலை சீவிக்கொண்டு அந்தக் கோட்டில் வந்து நிற்பார்கள். தோட்டத்தில் வேலை தொடங்குமுன் எல்லோரும் வரிசையில் நின்று பேர் கொடுக்கும் பெரட்டு மாதிரியே. பேர் போடும் கண்டாக்கையாவின் இடத்தில் ஜீவராணி. நேரத்துக்கு வந்தால் முழுப் பேர். பிந்தினால், அரை நாள் சம்பளம் மாதிரி, அரைப் பேர். யாருக்கு எவ்வளவு என்பது அவள் அடுத்து போன் எடுக்கும்போது தெரியும்.

யோகேஸ்வரன் கோட்டைப் பார்த்தான்.

“ஏண்ணே, கள்ளன புடிக்கத்தான் கமரா. நீங்க என்னான்னா அதுக்கு முன்னால போயி பெரட்டுக்கு நிக்கிறீங்க.”

“உங்க வீட்டுல பூட்டலியா தம்பி?”

“யாரு பாக்குறதுக்கு?” என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கினான்.

ரவுட்டரை அணைத்துப் போட்டான். பாஸ்வேர்டை மாற்றினான். வயரை இழுத்துப் பார்த்தான். சோலைமலையின் போனில் இருந்த ஆப்பை அழித்துத் திரும்பவும் போட்டான். படம் வந்தது. வெள்ளையாக வந்தது.

“இதத்தான் அவளும் சொல்றா. அங்க மூணு நாளா பனி விலகலயான்னு நேத்து கேட்டா.”

மூன்று நாளாக மலையில் நல்ல வெயில்.

யோகேஸ்வரன் கமராவைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்து முடித்திருந்தான். எனவே ஏணியைச் சாத்தி ஏறினான். கமராவின் தலையில் ஒரு வெள்ளை ஷொப்பிங் பை. கழுத்தில் ரப்பர் பட்டி.

“நீங்கதான தம்பி சொன்னீங்க, பனி படாம பாத்துக்கங்கன்னு.”

அவன் சொல்லித்தான் இருந்தான். ஆகவே பையைக் கழற்றுவதில் அளவுக்கு மீறிக் கவனம் செலுத்தினான்.

படம் தெளிந்த கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. சோலைமலை ஸ்பீக்கரில் போட்டார்.

“மேடம் கடைக்குப் போயிருக்காங்க, இப்ப வந்திருவாங்க.” ஜீவராணியின் குரல் அடுப்படிக்குள் ஒளிந்துகொண்டு பேசும் குரல். “யாரோ பையக் கழட்டுனது தெரிஞ்சுச்சு. இப்ப வாசல் தெரியுது. புள்ள எங்க? மூணு நாளாச்சுங்க மூஞ்சியப் பாத்து.”

பிள்ளை உள்ளே காம்பரா அறைக்குள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

“அவளுக்கு முன் பல்லு விழுந்திருச்சு தம்பி,” சோலைமலை போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார். “மூணு நாளும் கமரால வாயத் தொறந்து காட்டினா. நேத்து போன் எடுத்த அம்மா அதப் பத்திக் கேக்கல, பனியப் பத்திக் கேட்டிருக்கா. இனிமே பெரட்டுக்கே வர மாட்டாளாம்.”

“அம்மா பாக்குறதே இல்ல,” உள்ளே இருந்து குரல் வந்தது. “சும்மா பாக்குறேன் பாக்குறேன்னு சொல்லுது.”

யோகேஸ்வரன் வாசற்படியில் நின்று லென்ஸ், வெளிச்சம், பொலித்தீன் ஆகிய மூன்றுக்கும் உள்ள தொடர்பை ஏழு வயதுக்குப் புரியும்படி விளக்கினான்.

கதவு சாத்தப்பட்டது.

“கேட் தொறக்குற சத்தம் கேக்குதுங்க,” என்றது போன். “கொஞ்சம் கூட்டிட்டு வாங்களேன்.”

சோலைமலை கதவைத் தட்டினார். கெஞ்சினார். பிறகு கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

யோகேஸ்வரன் கையிலிருந்த பையை மடித்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தான். சட்டையின் மேல் பட்டனைப் பூட்டினான். கோட்டுக்கு வந்து, கால் விரல்களை நேராக வைத்து, கமராவை அண்ணாந்து பார்த்து, வாயை அகலத் திறந்தான்.

“ஐயோ, யாருங்க அது?” ஜீவராணி ஒளிந்திருப்பதை மறந்து கத்தினாள். “எல்லாப் பல்லையும் காட்டிக்கிட்டு நிக்கிறாரு!”

கதவு ஒரு விரலளவு திறந்தது.

“அது கமரா மாமாம்மா. அவருக்கு ஒண்ணும் விழல!”

தனுஜா ஓடி வந்து அவனை இடித்துத் தள்ளிவிட்டு, முன்னால் நின்று வாயைத் திறந்தாள்.



“அடியே,” என்றது போன். “முன் பல்லு எங்கடி?”

“கூரை மேல போட்டாச்சு!”

ஜீவராணி சிரித்தாளா, அழுதாளா, போனில் பிரித்தறிய முடியவில்லை. அவசர அவசரமாகச் சொன்னாள்: “தனுஜாவுக்கு முழுப் பேரு. அப்பாவுக்கு அரப் பேருதான், கமராவுக்குப் பைய மாட்டினதுக்கு.”

போன் கட்டாகியது.

தனுஜா கண்ணாடி பார்க்க உள்ளே ஓடினாள். சோலைமலை மூக்கை உறிஞ்சிக்கொண்டு தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.

யோகேஸ்வரன் கோட்டிலேயே நின்றான். பட்டனைக்கூடக் கழற்றவில்லை.

அவனுக்கு இன்னும் பேர் போடவில்லை.