சரியான பதில்

கரண்டியைத் தூக்கிக் காட்டினாள் மெர்லிண்டா. “ரென்ஸ், இது மீனா?”

ஐந்து வயதுப் பையன் யோசித்தான். “இல்ல.”

சரியான பதிலுக்கு ஒரு துண்டு வறுத்த வாழைப்பழம். அதுதான் பாடமுறை.

“எதைக் கேட்டாலும் ஆமாம் போட்டுட்டிருந்த பய,” என்றாள் கருவாடு வறுத்துக்கொண்டிருந்த நோரா. “நீ செபுவுக்குத் திரும்பி வந்த கொஞ்ச நாள்லயே எப்படிக்கா மாத்துன?”

“ஹாங்காங்ல நான் வேலை பார்த்த வீட்டுப் பையனும் இப்படித்தான். அவனுக்குப் பேச்சுப் பயிற்சி டீச்சர் சொல்லிக்கொடுக்கறப்ப கூடவே இருந்து கத்துக்கிட்டேன்.”

நோராவைக் காட்டிக் கேட்டாள். “இது அம்மாவா?”

“இல்ல.”

“வளர்த்த சித்தியைக் கைகழுவிட்டான் பாரு,” என்று நோரா சிரித்தாள்.

மெர்லிண்டா தன் நெஞ்சில் கைவைத்தாள். “இது அம்மாவா?”

ரென்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தான். “இல்ல.”

ஓடிப்போய் நோராவின் செல்போனை எடுத்துவந்தான். அணைந்திருந்த திரைக்கு முத்தம் கொடுத்தான். நாலு வருஷமாகத் தினமும் வீடியோ அழைப்பில் சித்தி பழக்கியது.

“அம்மா.”

நோரா பதறினாள். “தப்பா சொல்றான்க்கா.”

“இல்லடி. சரியாத்தான் சொல்றான்.”

கடைசி வாழைப்பழத் துண்டை எடுத்து மகனுக்கு ஊட்டினாள் மெர்லிண்டா.