தினம் ஒரு குடம்

சாக்குக்குள் பிணம் இருந்தது. நல்லக்கண்ணு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மத்தியானம் இரண்டு மணி வெயிலில், அக்கம்பக்கம் பார்த்தபடி சந்துக்குள்ளிருந்து வெளியே வந்தார். கோவில்பட்டியில் அந்த நேரத்துக்கு ஈகூட வீட்டை விட்டுக் கிளம்பாது.

செத்தது ஒரு மாதுளைக் கன்று. முழங்கால் உயரம். எதிர்வீட்டு இசக்கியம்மாளுடையது.

தீப்பெட்டி ஆபீசுக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில் ஒரு காலத்தில் தெருநாய்கள்கூட மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போகும். முதலில் மண்வெட்டியோடு இறங்கியவள் இசக்கியம்மாள்தான். பின்னாலேயே தெருவின் மற்ற ஏழு வீடும் இறங்கியது. பதினோரு டிராக்டர் குப்பை போனது, இடைசெவலிலிருந்து கரிசல் மண் வந்தது, வீட்டுக்கு ஒரு செடி நின்றது.

அவள் மகள் கல்யாணமாகி ஒன்பது வருசம் கழித்து உண்டான அன்று நட்டது அந்த மாதுளை. "இது தழைச்சா அது தழைக்கும்" என்று தெரு முழுக்கச் சொல்லியிருந்தாள்.

போன மாதம் மகளை மதுரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். கூடமாட இருக்கக் கிளம்பிய இசக்கியம்மாள், நல்லக்கண்ணுவைத் தனியே கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, ஒங்கள மட்டுந்தான் நம்புதேன். தெனம் ஒரு கொடம். வேற யாருட்டயும் மூச்சு விட்டுராதீங்க."

பத்து நாளைக்கு ஒருதரம் குழாயில் தண்ணீர் வரும் தெருவில், தினம் ஒரு குடம் என்றால் கர்ணனுக்கே கை நடுங்கும். நல்லக்கண்ணு தன் குளியலை வாரம் ஒன்றாகச் சுருக்கிக்கொண்டு ஊற்றினார். அவர் மனைவி ரெங்கம்மாள் நாலடி தள்ளிப் படுத்துக்கொண்டாள்.

எப்போது போனாலும் செடியடி சொதசொதவென்றுதான் கிடந்தது. கரிசல் மண், ஒரு மிடறு குடித்தால் ஒரு வாரம் ஏப்பம் விடும் என்று நினைத்துக்கொண்டார். இலை பழுத்தது. பயந்துபோய் இன்னொரு குடம் சேர்த்து ஊற்றினார். இருபத்தைந்தாம் நாள் கன்று பட்டுப்போனது.

"ஐயையோ, அங்கன புள்ள இன்னும் பெறக்கலியே!" என்று நெஞ்சில் கை வைத்தாள் ரெங்கம்மாள்.

அன்று முதல் நல்லக்கண்ணுவுக்குச் சோறு இறங்கவில்லை. போன் அடித்தால் ரெங்கம்மாளை எடுக்கச் சொன்னார். அதனால்தான் அதே உயரத்தில், அதே கோணலில் ஒரு கன்றை ஏழு நர்சரி அலைந்து வாங்கிவந்து நட்டுவிட்டு, பழையதைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு வெளியேறினார்.

சந்து முனையில் அதே தெருச் சுந்தரபாண்டி நிறைகுடத்தோடு வந்தார்.

"என்னவே, இந்த வெயில்ல?" என்று முந்திக்கொண்டார் நல்லக்கண்ணு.

"சும்மா… காத்து வாங்க வந்தேன் அண்ணாச்சி" என்று வந்த வழியே திரும்பிவிட்டார் சுந்தரபாண்டி.

மூன்றாம் நாள் இசக்கியம்மாள் வந்து இறங்கினாள். பேத்தி. தாயும் பிள்ளையும் சுகம். பையைக்கூட வைக்காமல் சந்துக்குள் ஓடி, மாதுளையைத் தடவிக் கொடுத்தாள். நல்லக்கண்ணு வாயில் ஒரு கடலைமிட்டாயைத் திணித்தாள்.

"பெத்த புள்ள மாதிரி பாத்திருக்கீங்க அண்ணாச்சி!"

அவர் மிட்டாயை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"யம்மா, இது அது இல்ல. அத நான் கொன்னுட்டேன். புதுசு வாங்கி வச்சு ஒன்னைய ஏமாத்தப் பாத்தேன்."

இசக்கியம்மாள் கன்றையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "தண்ணி ஊத்தலியா?"

"ஒரு நா தவறல. சாமி சத்தியமா!"

அவள் முகம் செத்துப்போனது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, மெல்லச் சொன்னாள்.

"நீங்க மறந்துருவீங்கன்னு நெனச்சு, மத்த ஆறு வீட்டுலயும் தனித்தனியா 'தெனம் ஒரு கொடம்'னு சொல்லிட்டுல்லா போனேன் அண்ணாச்சி!"