சுடர் அசையாத கூண்டு

எதிர்வீட்டுத் தையல்காரர் நாய்க்கூண்டு வாங்கப் போகிறார் என்றால் நான் வீட்டில் இருப்பேனா? தச்சுப்பட்டறை வாசலில் நிற்கிறேன். வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. அவர் பேத்திக்கு மூச்சிரைப்பு என்பதால் இன்று முதல் நாய்க்கு வாசலில்தான் படுக்கை. போன மழையில் இடிக்குப் பயந்து ஓடியது, மூன்று நாள் கழித்து நொண்டிக்கொண்டு வந்தது. மனிதர் நாயைக் கயிற்றில் பிடித்தபடியே ஒவ்வொரு கூண்டுக்குள்ளும் தலையை நுழைத்துத் தீக்குச்சி கிழிக்கிறார். சுடர் சாய்கிறது. "காத்து வருது தம்பி." "அண்ணே, நாய்க்குத்தான பாக்குறீங்க, மாப்பிள்ளைக்கு இல்லையே?" என்கிறார் தச்சர். மூன்றாவது கூண்டில் சுடர் அசையாமல் நிற்கிறது. தையல்காரர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. தச்சர் அதன் தகரக் கூரையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டுகிறார். உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆனால் தகரம் தடதடத்த சத்தத்தில் நாய் ஒடுங்கி, வாலைக் கவட்டைக்குள் செருகி நடுங்குகிறது. "சத்தம் போடாதது இல்லையா?" "இருக்குண்ணே, ஒழுகும்." தையல்காரர் கயிற்றைத் தச்சரிடம் கொடுத்துவிட்டுத் தவழ்ந்து உள்ளே போகிறார். "வாடா கண்ணு, பாரு, நானே இருக்கேன்." முதல் துளிகள் தகரத்தில் விழுகின்றன. நாய் பின்னால் இழுக்கிறது. சிரிக்கத்தான் வந்தேன், சிரிப்பு வரவில்லை. எங்கோ இடி உருளுகிறது. கயிறு விறைக்கிறது. கூண்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வருகிறது: "விட்டுடாத தம்பி, விட்டுடாத!"