பெயர் எழுதாத மனு

“நடுங்காத, உஷா. அந்த மரக்கடைத் தண்டாயுதபாணி என்ன, ஆளைக் கடிச்சா தின்னுருவான்? நான் ஒருத்தன் பக்கத்துல நிக்கறேன்ல?”

ஜீவானந்தம் சொன்னது வரிசையில் நின்ற பத்துப் பேருக்காவது கேட்டிருக்கும். நாமக்கல் கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு நாள், கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். அவன் மனைவி உஷாராணி, நான்காக மடித்திருந்த மனுவை இன்னும் ஒரு மடிப்பு மடித்தாள்.

ரேஷன் கடையில் எடை குறைத்துப் போட்டால்கூட வாய் திறக்காமல் வாங்கி வருகிறவள் அவள். அப்பேர்ப்பட்டவள் கலெக்டரைப் பார்க்கக் கிளம்பியதே தெருவில் பெரிய அதிசயம். எல்லாம் பக்கத்து வீட்டு அஃபீபாவால் வந்தது.

ஷாஜாதியின் மகள் அஃபீபா மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் தன் வீட்டில் வீசிவிட்டு, நேராக உஷாராணியின் அடுப்படிக்கு வந்துவிடுவாள். போன மாதம் பள்ளிக்கூடத் திருப்பத்தில் ஒரு பைக் அவளை அடித்துப் போட்டுவிட்டது. காலில் கம்பி வைத்துப் படுக்கையில் கிடக்கிறது குழந்தை.

அந்த இடத்தில் ரோட்டைப் பாதிக்கு அடைத்து வைத்திருப்பதால், எதிரில் வரும் வண்டி பிள்ளைகளுக்குத் தெரிவதே இல்லை. அன்றைக்குத் தன் பட்டறையிலிருந்து பாய்ந்து வந்து, அஃபீபாவை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவனும் ஜீவானந்தம்தான். சட்டையெல்லாம் ரத்தம். குறை சொல்ல முடியாது, இளகின மனசுக்காரன்.

“வாசல்ல மனு எழுதறவரு ‘யாரு மேல புகாரு’ன்னு கேட்டதுக்கு, ‘பேரை நேர்ல சொல்லிக்கறேன்’னுட்டா. எழுதறதுக்கே பயமுங்க இவளுக்கு!” என்று பின்னால் நின்ற பெரியவரிடம் சொல்லிச் சிரித்தான் ஜீவானந்தம். “ரோட்டு மேல மரத்தை அடுக்கிட்டு அந்தத் தண்டாயுதபாணி பண்ற அழும்பு இருக்குதே, இன்னைக்கோட முடிஞ்சுது.”

அதற்குள் அவன் போன் அடித்தது. அவனுடைய லாரி பாடி கட்டும் பட்டறையிலிருந்து வேல்முருகன்.

“புது வண்டி வந்துருச்சா? உள்ள எடமில்லீன்னா எப்பவும் போல வெளிய ஓரங்கட்டு. நான் இங்க முக்கியமான சோலியா நிக்கறேன், சும்மா சும்மா கூப்புடாத.” வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தான். “பாத்தியா, பொழப்பை உட்டுட்டு உனக்காக வந்து நிக்கறேன்.”

உஷாராணி அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். “ஏனுங்க, நீங்க போய் டீ குடிச்சிட்டு இருங்க. நான் குடுத்துட்டு வாரேன்.”

“நல்லாருக்குது கதை! உன்னையத் தனியா உட்டுட்டா? வா வா.”

“இல்லீன்னா ஊட்டுக்கே போயிரலாமுங்களா?”

“இவ்வளவு தூரம் வந்துட்டா? மானம் போயிரும் புள்ள.”

டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். உஷாராணிக்குக் கால் நகரவில்லை. மனுவைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்பிவிடலாம், யாருக்கு என்ன நஷ்டம்? அப்போதுதான் அஃபீபாவின் தம்பி தமீம் நினைவுக்கு வந்தான். ஒன்றாம் வகுப்பு வாண்டு, நடக்கவே தெரியாது, எங்கேயும் ஓட்டம்தான். சாயங்காலம் நாலு மணிக்கு அவனும் அதே திருப்பத்தில்தான் ஓடி வருவான்.

விடுவிடுவென்று போய்க் கலெக்டரம்மாவின் மேஜைமேல் மனுவை வைத்துவிட்டாள்.

கலெக்டரம்மா ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துப் படித்தார். “ரோட்டை அடைச்சு வெச்சிருக்கறது யாரும்மா? பேரே இல்லையே?”

உஷாராணி ஒரு தரம் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

“மிரட்டறாங்களா?”

“ஐயோ, இல்லீங்கம்மா. ரொம்ப நல்ல மனுசருங்க.”

பின்னால் நின்ற ஜீவானந்தத்துக்குச் சுருக்கென்றது. தண்டாயுதபாணி நல்ல மனுசனா!

“அவர்கிட்ட எடுத்துச் சொல்லிப் பாத்தீங்களா?”

“மூணு வாட்டி சொன்னனுங்க. காதுல போட்டுக்கலீங்க.”

இது எப்போது நடந்தது? ஜீவானந்தத்துக்கு இதுவும் புதுச் செய்தியாக இருந்தது. இருந்தாலும் மனைவியை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது. ஊமைச்சி மாதிரி இருந்துகொண்டு மூன்று தடவை போய்ச் சொல்லியிருக்கிறாளே!

“பேரைச் சொன்னாத்தாம்மா நாங்க நடவடிக்கை எடுக்க முடியும்” என்றார் கலெக்டரம்மா. “ரெண்டாவது குழந்தை அடிபடற வரைக்கும் காத்திருக்கக் கூடாதில்ல?”

உஷாராணியின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

ஜீவானந்தத்துக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. காவலுக்கு நின்ற போலீஸ்காரரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தான். “பயந்தவ, அதான் தயங்கறாளுங்கம்மா. உஷா, எவனா இருந்தா நமக்கென்ன? தைரியமாப் பேரைச் சொல்லு! இன்னைக்கே ஜேசிபி கொண்டாந்து அத்தனையும் வாரிப் போடட்டும், நானே முன்னால நிக்கறேன்!”

உஷாராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கலெக்டரம்மாவை நேராகப் பார்த்துச் சொன்னாள்:

“கட்டுனவரு பேரை நான் எப்படிங்கம்மா என் வாயால சொல்லுவேன்?”